களர் நிலமும் பழக்கழிவுப் புளிப்பும்

உத்தமபாளையம் தாலுகாவில் திராட்சையும் வாழையும் மிகுதியாகையால் பழக்கழிவுக்குக் குறைவில்லை. 1 பங்கு வெல்லம், 3 பங்கு கழிவு, 10 பங்கு நீர் கலந்து 3 மாதம் மூடிப் புளிக்கவைத்தல் வேண்டும். முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திறவாவிடில் பாத்திரம் வெடிக்கக் கூடும்.

இப்புளிப்பு எல்லா நிலத்திற்கும் ஆகாது. வெண்மையாய் உப்புப் பூத்த உவர் நிலத்திற்கு வடிகாலும் நன்னீரும் போதும்; அங்கே இதனைக் கொட்டுதல் வீண் செலவே. களர் நிலத்திலோ சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டு நீரை உள்ளிறங்க விடாது. புளிப்பின் அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்க, அதிலிருந்து பிரியும் கால்சியம் சோடியத்தை விலக்கும். காடி விட்டால் நுரையாத மண்ணில் சுண்ணாம்பு அரிதாகையால் பலனும் அரிது.

அமிலத்தின் அளவு சொற்பமாதலால், மண் பரிசோதனைப்படி ஜிப்சம் இடுதலை இதன் பொருட்டு நிறுத்தலாகாது. நீர் தேக்கி வடித்த பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக.