நடைப்பிணமும் 128 பைட்டும்

இறந்த உடல் எழுந்து நடப்பதாகச் சொல்லும் கதைகள் பல நாடுகளில் உண்டு. நமக்கு முருங்கை மரத்து வேதாளம். ஹெயித்தி மக்களுக்கு ஸோம்பி. அந்த ஸோம்பியை நாம் நடைப்பிணம் எனலாம்.

என் தந்தை பிழைப்பு நாடி வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தூருக்குக் குடிவந்தவர். அங்கே, தெலுங்கு சரியாக வராத எனக்கு நண்பர்களைத் தேடித்தந்தது தொலைக்காட்சியில் இணைக்கும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றே. அதில் ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ ஆடுவோம். ஜப்பானியரின் கேப்காம் நிறுவனம் 1985-இல் ஆக்கிய ஆட்டம் அது. முதற் கட்டமே இடுகாடு. மண்ணைப் பிளந்து நடைப்பிணங்கள் எழும். ‘வாடு மள்ளீ லேசாடுரா!’ (அவன் மறுபடி எழுந்துவிட்டானடா!) என்று தெருப் பிள்ளைகள் கூவுவார்கள். ஓர் அடி பட்டால் வீரனின் கவசம் போகும். மறு அடியில் எலும்புக்கூடாவான்.

இன்று திருப்பதியில் முதுகலை இயற்பியல் பயிலும் நான், அதனினும் பழைய ஆட்டம் ஒன்றைப் பற்றிப் படித்தேன். அதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

அது அட்டாரி 2600 பெட்டிக்காக 1982-இல் வெளிவந்த ‘என்டூம்ப்ட்’. புதிர்வழியில் சிக்கியவனை நடைப்பிணங்கள் துரத்தும். வழியோ ஓயாது மேல்நோக்கி நகரும். அப்பெட்டியின் வேலை நினைவகம் 128 பைட்டுகளே. இன்று கணினியில் தமிழ்க் குறி ஒன்றுக்குப் பெரும்பாலும் 3 பைட் வேண்டும். 42 குறிகளுக்குமேல் அதில் அடங்கா! முடிவற்ற புதிர்வழியை அதில் எங்ஙனம் சேர்த்துவைப்பது?

சேர்த்துவைக்கவில்லை. ஆட ஆட ஒவ்வொரு வரிசையாகப் பெட்டியே படைத்துக்கொண்டது. இடப்பாதியை அமைத்தால் போதும். வலப்பாதி கண்ணாடி நிழல்போல் அதன் எதிருரு. புதுக் கட்டம் சுவரா வழியா என்பதை அருகிலும் மேலும் உள்ள 5 கட்டங்கள் முடிவுசெய்யும். ஒவ்வொன்றும் சுவராகவோ வழியாகவோ இருக்கலாம் ஆகையால், 2-ஐ ஐந்து முறை பெருக்க 32 நிலைகள். அந்த 32-க்கும் விடை தரும் அட்டவணை ஒன்று உண்டு: ‘சுவர்’, ‘வழி’, அல்லது ‘குருட்டாம்போக்கில் ஏதேனும் ஒன்று’. மனம்போனபடி சுவர் வைத்தால் வழி அடைபட்டுப்போகும். இவ்வட்டவணையால் பெரும்பாலும் அடைபடுவதில்லை. அடைபட்டால் சுவரை உடைக்க ஒரு கருவியும் ஆட்டத்தில் கிடைக்கும்.

ஏன் அந்த 32 விடைகள்? ஜான் அய்காக், தாரா காப்பிள்ஸ்டோன் என்னும் ஆய்வாளர் இருவர் 2018-இல் இவ்வாட்டத்தைத் தொல்பொருள்போல் அகழ்ந்து ஆராய்ந்தனர். அட்டவணை இயங்கும் விதத்தைக் கண்டனர்; அவ்விடைகளைத் தேர்ந்த காரணம் அவர்களுக்குப் புலப்படவில்லை. குடிமயக்கத்தில் பிறந்த கணக்கு என்றொரு கதைதான் கிடைத்தது. பின்னர், புதிர்வழியை ஆக்கியவரோடு உரையாடியும் பழைய மூல நிரலைப் பார்த்தும் மறுபடி ஆராய வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது என் முகம் சிவந்தது. சென்ற பருவத்தில் என் சோதனை அளவுகளையெல்லாம் 1.08-ஆல் பெருக்கி எழுதினேன். விடை அழகாக வந்தது. ‘1.08 ஏன்?’ என்றார் ஆசிரியர். மூத்த மாணவர் ஒருவரின் ஏட்டைப் பார்த்து எழுதியது என்று சொல்ல நாவெழவில்லை. காரணம் அந்த ஏட்டிலும் இல்லை. மூன்று வார உழைப்பை ஒதுக்கிவிட்டு மறுபடி அளந்தேன்.

காரணம் இழந்த எண்ணும் நடைப்பிணமே அன்றோ? அது நடக்கும், வேலை செய்யும். கேட்டால் பதில் சொல்லாது. 128 பைட்டில் வேலை செய்தவர்க்குக் காரணத்தையும் பெட்டியுள் எழுதிவைக்க இடமில்லை. நம் ஏட்டின் ஓரத்திலோ இடம் நிறைய உண்டு. எண்ணை எழுதும்போதே அது வந்த வழியையும் ஒரு வரி எழுதிவைப்போம், தோழர்களே! நமக்குப்பின் அதே மேசையில் உட்காரப்போகிறவர் அதைத் தேடுவார்.