கொடிக்காய்களை அறிதலும் வளர்த்தலும்

பஞ்சகாலத்தில் கில்காலிலே கீரை பறிக்கச் சென்ற ஒருவன், இன்னதென்று அறியாமல் ஒரு காட்டுக்கொடியின் காய்களை மடியிற் கொணர்ந்து கூழ்ப்பானையில் அரிந்திட்டான் என்றும், உண்டோர் உயிருக்கு அஞ்சி அலறினர் என்றும் இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 4ஆம் அதிகாரம் கூறும். வேதத்தைத் தமிழாக்கியோர் அக்கொடியைப் பேய்க்கொம்மட்டி என்றனர். அப்பெயர் ஆராயத்தக்கது.

பேய்க்கொம்மட்டி, பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எனக் கைப்பு மிக்க காட்டினங்களுக்கு நம் முன்னோர் 'பேய்' என்னும் அடையை வழங்கினர். தோற்றத்தால் வீட்டுக்கொடியை ஒத்திருப்பினும் அது கறிக்கு ஆகாது என்பதே கருத்து. அக்கைப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்னும் பொருளாம்; சமைத்தலால் அது நீங்காது. கைத்த சுரைக்காய்ச் சாற்றைப் பருகி உயிரிழந்தோரும் நம் நாட்டில் உளர். ஆதலின் சுரை, பீர்க்கு, புடல், வெள்ளரி இவற்றை அரியும்போது சிறு துண்டை நாவில் இட்டுப் பார்த்து, கைப்பின் உமிழ்ந்து, காயை எறிந்துவிடல் வேண்டும். பேய்ச்சுரை அருகிற் படர்ந்திருப்பின் வீட்டுச்சுரையின் விதையை எடுத்து வைத்தலும் தகாது. மகரந்தம் கலந்து, அவ்விதையில் எழுங்கொடி கைத்த காய் தரக்கூடும். பாகலுக்கும் அதலைக்கும் கைப்பு இயல்பாதலின் நாவால் அறியும் இவ்விதி அவற்றிற்குப் பொருந்தாது.

இனி வீட்டில் வளர்த்தற்குரிய அரிய காய்கள் மூன்றைக் காண்போம்.

அதலை: கோவிற்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குத் தானே தளிர்ப்பது. காய் சிறியது, நெடுக வரம்புகள் உடையது. விதை எளிதில் முளையாது. கிழங்கை நடுதலே நலம். பறித்த காய் விரைவிற் பழுத்து வெடிக்குமாதலின் அன்றே சமைத்தல் நன்று. பைம்பொழில் என்பதன் மரூஉ எனப்படும் பண்பொழியில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு. அங்கே நீர் தேங்காத மேட்டுப்பாத்தியில் இதனை நடல் வேண்டும்.

பழுபாகல்: மென்முட்கள் போர்த்த சிறுகாய், பாகலினும் கைப்புக் குறைந்தது. இதுவும் கிழங்கினின்று தளிர்க்கும். இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. இதழ்களின் கீழே பிஞ்சின் வடிவம் காணப்படின் அது பெண்பூ.

கோவை: இதிலும் ஆண் பெண் வேறுபாடு உண்டு. பெண்கொடியின் முற்றிய தண்டை மூன்று நான்கு கணுக்களோடு வெட்டி நட்டுப் பந்தலில் ஏற்றுக. பத்துப் பெண்கொடிக்கு ஓர் ஆண்கொடி போதும். விதையிட்டு வளர்ப்போர், பூக்கும்வரை கொடி எவ்வகையது என்று அறியார்.

நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, வேலியிற் படர்ந்த கொடிகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டுக் குறித்து வைமின். அப்பெயர்கள் மறையின், அவற்றுள் அடங்கிய எச்சரிக்கையும் உடன் மறையும்.