ஓடும் கார் வழியில் நின்றுவிடுதல்: பெட்ரோல் வழியின் கோளாறுகளை அறியும் முறை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. சங்கத்தில் கடன் பெற்று, பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, இச்சாலையில் வாடகைக்கு ஓட்டும் அங்கத்தினர் ஒருவரின் வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சவாரி போயிற்று, இழுவைக் கூலி சேர்ந்தது, தவணை நாளும் நெருங்குகிறது. பட்டறையில் எடுத்த எடுப்பிலேயே பம்பு கெட்டுவிட்டதெனக் கூறிப் புதியதை மாட்டிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் வண்டி அதே விதமாக மறுபடியும் நிற்கிறது. பம்பின் விலை வீண். குற்றமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

யந்திரம் ஓடக் காற்று, பெட்ரோல், தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் எது கிட்டவில்லை என்பதே முதற்கேள்வி. வண்டி நின்ற விதமே பெரும்பாலும் இதற்கு விடை கூறிவிடும். விளக்கை அணைத்தாற்போல் ஒரே கணத்தில் நின்றால் மின்சாரப் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். இருமி, உதறி, இழுவை குன்றிப் பின் நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று கொள்ளலாம். சமதரையில் நன்றாக ஓடி, மேட்டிலும் பாரத்திலும் மட்டும் திணறினால் வடிகட்டி அடைபட்டிருக்கக்கூடும். வேகமாகப் போகையில் ஒரு குறையும் இன்றி, சிக்னலில் நிறுத்தும்போது மட்டும் அணைந்தால், காற்று புகும் திராட்டிலில் படிந்த கரியையோ, காற்று கசியும் ரப்பர்க் குழாயையோ தேட வேண்டும். அங்கே பம்பை மாற்றிப் பயனில்லை.

பரீட்சைக்கு முன் உயிரைக் காத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகச் செல்கையில் யந்திரம் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கனத்துப்போகும். பிரேக்குக்கு உதவும் வெற்றிட சக்தி இரண்டு மூன்று மிதிகளுக்கே மிஞ்சியிருக்கும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதியாமல் ஒரே அழுத்தமாக மிதித்து, இடப்புறம் ஒதுங்கி, அபாய விளக்குகளைப் போட வேண்டும். வண்டி நிற்குமுன் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

இனிப் பம்பைப் பற்றி. இக்காலத்துக் கார்களில் மின்சாரப் பம்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதைக் குளிர்விப்பது சுற்றியுள்ள பெட்ரோலே. கத்திரி வெயிலில் தொட்டியை அடிமட்டத்துக்கு வற்றவிட்டு ஓட்டுவது சிக்கனம்போல் தோன்றினும், பம்பின் ஆயுளைக் குறைப்பதாகும். அரைமணி ஓடிச் சூடேறியபின் நின்று, ஆறியபின் ஒன்றும் அறியாததுபோல் கிளம்பும் வண்டிகளில் பம்பு தேய்ந்திருக்கலாம். கிராங்க் சென்சார் என்னும் சிறு உறுப்பும் சூட்டில் இதே விதமாய் ஏமாற்றும். இரண்டையும் வேறுபடுத்தச் சூடு ஆறுமுன்பே சோதித்தல் அவசியம். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யுமுன், பின்னிருக்கைக்கு அடியில் சுமார் 2 விநாடி ரீங்காரம் கேட்பது பெரும்பாலான கார்களின் இயல்பு. சத்தமே இல்லாவிடில் பியூஸ், ரிலே, கம்பி இணைப்பு, கடைசியாகப் பம்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சத்தம் இருந்து, அழுத்தமானியும் தக்க அழுத்தம் காட்டினால் பம்பின்மேல் பழியில்லை. இஞ்செக்ஷன் கார்களில் இது பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே சுழற்சிமானியின் முள் திடீரெனப் பூஜ்யத்தில் விழுமானால் குற்றம் கிராங்க் சென்சார் பக்கமே.

கோவளம், கேளம்பாக்கம் உப்பளப் பகுதி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய இடங்களில் இரவு பகல் நிற்கும் வண்டிகளுக்கு மற்றொரு சத்துரு உப்புக்காற்று. பம்பின் எர்த் கம்பி முனையில் பச்சைக் களிம்பு பிடித்தால் மின்சாரம் குறைந்து பம்பு மெலிந்து சுழலும். கம்பியைக் கழற்றிச் சுரண்டி இறுக்கியதே பல சமயங்களில் போதுமானதாகும்.

தொட்டி மூடியைத் திறக்கும்போது பலமாகக் காற்று உள்ளே இழுபடும் ஒலி எழுந்து, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால், காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. இது செலவில்லாத பரீட்சை. ஆயினும் செய்வார் அரியர்.

எல்லாவற்றிலும் அதிகக் கவனத்துக்குரியது தண்ணீர்க் கலப்பு. மழை வெள்ளத்துக்குப் பின்போ, பெட்ரோல் நிரப்பிய சிறிது நேரத்திலோ தொல்லை தொடங்கினால் இதையே முதலில் நினைக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2025-இல் கலப்பு நாடெங்கும் சராசரியாக அவ்வளவை எட்டிற்று. எத்தனால் சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தே பிரிந்து அடியில் தங்கும். ஆகவே புகுந்த தண்ணீர் கொஞ்சமாயினும் அடியில் தேங்குவது மிகுதி. பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்தே. பல நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டி, கடலோர ஈரக்காற்று, பாதி காலியான தொட்டி ஆகியவை சேர்ந்தால் ஈரம் ஏறுவதற்கு வசதி அதிகம்.

இதை அறியத் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை நிறமற்ற கண்ணாடிச் சீசாவில் எடுத்து, மூடி, நிழலில் அசையாமல் அரைமணி வைக்க வேண்டும். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் தொட்டி முழுவதையும் வடித்துத் துடைத்து, வடிகட்டியை மாற்றாமல் கதியில்லை. மேலாகப் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்டுவது பயன் தராது. பிரியாமல் தெளிவாயிருந்தால் சந்தேகம் நீங்கிற்று. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் எத்தனாலால் ரப்பர்க் குழாய்கள் நாளடைவில் இளகி வெடிக்கும். அவற்றையும் தொட்டுப் பார்த்தல் நலம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாதலால் தரையோடு பரவும். எனவே இவ்வேலைகளைத் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில், யந்திரம் ஆறியபின் செய்ய வேண்டும். இஞ்செக்ஷன் குழாயில் அழுத்தம் நின்றிருக்கும். அதைத் தணிக்காமல் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீச்சும்.

பங்கில்தான் தண்ணீர் கலந்தது என்று தோன்றினால், ரசீதையும் சீசாவையும் தேதி எழுதி வைத்துக்கொண்டு அன்றைக்கே கேட்பது உசிதம். வடிகட்டித் தாள் சோதனையும், 5 லிட்டர் அளவுக் கலத்தில் அளந்து காட்டுதலும் வாங்குவோர் கேட்டுப் பெறக்கூடியவை. பட்டறைக்குச் செல்லும்போது ஒரு துண்டுத் தாளில் வண்டி எப்போது நின்றது, சூட்டிலா குளிர்ச்சியிலா, மேட்டிலா சமதரையிலா, தொட்டியில் எவ்வளவு இருந்தது, கடைசியாக எங்கே நிரப்பியது, ரீங்காரம் கேட்டதா என்று எழுதிக் கொடுத்தால், பட்டறைக்காரர் தேடுவது பாதியாகக் குறையும்.