விரைவுச் சாலையில் இணைதல்

மதுரையின் வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் அமைந்துள்ளது விளாங்குடி. அங்கிருந்து பரவையைக் கடந்து சமயநல்லூரை அடைந்தால், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எதிர்ப்படும். ஊர்த்தெருக்களில் ஓட்டிப் பழகியவருக்கு அச்சாலையில் இணைவது புதியதொரு தேர்வாகும்.

பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்தபின் ஓட்டுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். இருசக்கர வாகனம் ஓட்டுவோர் ‘8’ வடிவப் பாதையில் கால் ஊன்றாது ஓட்டிக் காட்டுவர். அது சமநிலையைச் சோதிக்கிறது. பின்னால் வரும் வாகனத்தின் வேகத்தைக் கணிக்கும் திறனைச் சோதிப்பதில்லை.

அத்திறன் ஏன் தேவை? மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து, நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. 100 மீட்டர் தொலைவில் தெரியும் அப்பேருந்து, சாலையோரத்தில் நிற்பவரை ஐந்து நொடிக்குள் எட்டிவிடும். அதே இடைவெளியில், 60 கி.மீ. வேகத்துடன் ஒருவர் இணைந்தால், அவரை எட்ட 18 நொடிகள் ஆகும். வேக வேறுபாடு குறையக் குறைய ஆபத்தும் குறைகிறது.

ஆகவே, இணைப்புத் தடம் உள்ள இடத்தில் அதிலேயே வேகத்தைக் கூட்டி, விளக்கால் குறிப்புணர்த்தி, கண்ணாடியிலும் தோளுக்கு மேலாகவும் பார்த்து இணைதல் வேண்டும். தடம் இல்லாத இடத்தில் நின்று, முதன்மைச் சாலையில் வருவோருக்கு வழிவிட்டுக் காத்திருத்தலே முறை.

இப்பழக்கம் திடலில் வாய்ப்பதன்று. அனுபவமுள்ளவர் துணையுடன், போக்குவரத்து குறைந்த பொழுதில், சாலையிலேயே பயில வேண்டியது. உரிமம் பெறுவது பயிற்சியின் முடிவன்று, பொறுப்பின் தொடக்கம். ஒருவரது அவசரத்தின் விலையைப் பின்னால் வரும் பேருந்திலுள்ள அனைவரும் கொடுக்க நேரிடலாம் அன்றோ?