ஆப்பிளும் ஆய்வும்

மாணவர் நொறுக்குத்தீனியை விடுத்துப் பழத்தை விரும்பி உண்ணச் செய்வது எவ்வாறு? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க் குழுவினர் இது குறித்து 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 'எல்மோ' என்னும் தொலைக்காட்சிப் பொம்மையின் படம் ஒட்டிய ஆப்பிளைச் சிறுவர் மிகுதியாகத் தேர்ந்தெடுத்தனர் என்றது அக்கட்டுரை. பங்கேற்றோர் 8 முதல் 11 வயதுடைய மாணவர் என அதில் குறிக்கப்பட்டிருந்தது. உண்மையில் அவர்கள் 3 முதல் 5 வயதுடைய மழலையர். பிழைகள் வெளிப்பட்டமையால் 2017இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மழலையர்க்குப் பொருந்துவது மாணவர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளல் ஆகாது. மேலும், பழத்தை எடுத்தல் வேறு, உண்ணுதல் வேறு, நாள்தோறும் உண்ணும் பழக்கம் வேறு. ஆதலின், நன்னோக்குடைய ஆய்வாயினும், 'யாரிடம், எதனை, எவ்வளவு காலம் அளந்தனர்?' என வினவிய பின்னரே அதன் முடிவை ஏற்றல் வேண்டும்.