புகை தீர்ந்த கூடுகள்: பழைய இராணுவப் புகைக்குண்டுகளைச் சேகரிக்க விரும்பும் இளையவருக்கு ஒரு கடிதம்



புகைக்குண்டு என்பது எதிரியைக் கொல்வதற்காக அன்றி, படையின் நடமாட்டத்தை மறைக்கவும் இடத்தை அடையாளம் காட்டவும் வீரர்கள் கையால் எறிந்து பயன்படுத்திய புகைக் குப்பியாகும். கொல்வதற்குச் செய்யப்பட்டதன்று என்ற எண்ணமே சேகரிப்பில் புதிதாக இறங்குவோரைத் தவறான துணிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதால், அதன் வரலாற்றையும் வேதியியலையும் அறிந்த பிறகே அதை வீட்டுக்குள் கொண்டுவருவது முறையாகும். இக்கடிதம் வலியுறுத்துவது ஒன்றே: சேகரிப்புக்குரியவை குண்டின் வெளிக்கூடும், அதன்மேல் உள்ள எழுத்தும், அது கடந்துவந்த வரலாறும்தான்; உள்ளிருந்த கலவை எக்காலத்திலும் சேகரிப்புப் பொருள் ஆகாது.

சேகரிப்பாளர்களிடையே பரவலாக அறியப்பட்டது அமெரிக்கப் படையின் எம்-18 வண்ணப் புகைக்குண்டு. இரண்டாம் உலகப் போரின் நடுவே 1942இல் உருவாக்கப்பட்ட இது, ஏறத்தாழ 14.6 சென்டிமீட்டர் உயரமும் 6.4 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட எஃகு உருளை. எம்-16 என்ற மலிவான வகை இதன் இடத்தைப் பிடிக்கும் என்று முதலில் திட்டமிடப்பட்டிருந்தாலும், எம்-18இன் புகை அடர்த்தியாகவும் தொலைவிலிருந்தே நிறம் தெளிவாகத் தெரியும்படியும் எழுந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. இதன் தலைப்பகுதியில் இருப்பது திரியமைப்பு, அதாவது பாதுகாப்பு ஊசியை உருவிப் பக்கவாட்டு நெம்புகோலை விட்டவுடன் உள்ளிருக்கும் சுத்தி தெறித்து நெருப்பை மூட்டும் பொறி. வெடிக்கும் கையெறி குண்டில் இத்தகைய பொறி வெடிமருந்தை வெடிக்கச் செய்து குண்டின் உடலைச் சிதறடிக்கும். எம்-18இல் அது ஓரிரு நொடிகளில் கலவையைப் பற்றவைக்க, சாயம் ஆவியாகித் துளைகள் வழியே 50 முதல் 90 நொடிகள் வரை சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா ஆகிய நிறங்களில் ஒன்றாக வெளியேறும்.

வியட்நாம் போரில் இந்நிறங்கள் உயிர்காக்கும் மொழியாகவே பயன்பட்டன. காட்டுக்குள் இருந்த காலாட்படையினர் ஹெலிகாப்டர் இறங்க வேண்டிய இடத்தில் புகையை எழுப்புவர்; ஆயினும் எந்த நிறம் என்பதை வானொலியில் அவர்கள் முதலில் சொல்வதில்லை. விமானி தாம் கண்ட நிறத்தைச் சொல்ல, தரையில் இருப்பவர் அதை உறுதிப்படுத்துவார். நிறத்தை முன்கூட்டியே அறிவித்தால், ஒட்டுக்கேட்கும் எதிரியும் அதே நிறப் புகையை எழுப்பி விமானியைப் பொறியில் சிக்கவைக்கலாம் என்பதே இதற்குக் காரணம். காலியான ஒரு கூட்டின் மேல் எஞ்சியிருக்கும் ஊதா வண்ணத்துக்கு மதிப்பைத் தருவது இத்தகைய வரலாறே.

புகைக்குண்டுகள் அனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதையும் சேகரிப்பாளர் தெளிவாக அறிய வேண்டும். பழைய வண்ணப் புகைக் கலவைகளில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்திருந்தன. இவ்விரண்டும் கலந்த எதுவும் உராய்வுக்கும் வெப்பத்துக்கும் எளிதில் பற்றக்கூடியது, பல்லாண்டு ஈரமும் துருவும் அதை மேலும் நம்பத்தகாததாக்கிவிடும். ஏஎன்-எம்8 போன்ற வெண்புகை வகைகள் துத்தநாகக் குளோரைடு என்ற அரிக்கும் சேர்மத்தைப் புகையாக வெளியிடுபவை; மூடிய இடங்களில் அப்புகையைச் சுவாசித்தவர்கள் நுரையீரல் சிதைந்து இறந்திருக்கின்றனர். அமெரிக்க எம்-15, எம்-34, பிரிட்டனின் 77ஆம் எண் குண்டு ஆகியவை வெண் பாஸ்பரஸ் நிரம்பியவை. காற்று பட்டாலே சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தானாகத் தீப்பற்றும் இப்பொருள், துருப்பிடித்த தகரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், எரியத் தொடங்கிவிடும். 1940 முதல் பிரிட்டனின் ஊர்க்காவல் படைக்கு வழங்கப்பட்ட பாஸ்பரஸ் கண்ணாடிப் புட்டிகள், அன்று மண்ணில் புதைத்து மறக்கப்பட்டவை, கட்டட வேலைக்குத் தோண்டும்போது இன்றும் வெளிப்பட்டுத் தீப்பிடிக்கின்றன. காலம் இவற்றின் நஞ்சை முறித்துவிடுவதில்லை.

கூட்டின் மேல் உள்ள நிறக் குறியீட்டைப் படிப்பது ஒரு கல்வி; அதைக் காலத்தோடு பொருத்திப் படிப்பது அதனினும் முக்கியமானது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க முறையில் வேதிப் படைக்கலன்கள் சாம்பல் நிறம் பூசப்பட்டன. அதன்மேல் மஞ்சள் பட்டை இருந்தால் அது புகை வகை. பிற்கால முறையில் புகைக்குரிய நிறம் வெளிர்பச்சையாயிற்று. அதன்மேல் உள்ள மஞ்சள் பட்டையோ உள்ளே வெடிமருந்து உண்டு என்று எச்சரிக்கிறது. ஒரே மஞ்சள் பட்டை இரு காலங்களில் இரு பொருள் தருவதால், எந்தக் காலத்துக் கூடு என்பதை அறியாமல் நிறத்தை மட்டும் நம்புவது பேராபத்து. பயிற்சிக்குரியவற்றுக்கு நீலமும், செயலற்ற மாதிரிகளுக்கு வெண்கல நிறமும் பிற்கால முறையில் வழங்குகின்றன. ஆயினும் ஒரு குப்பிப் பெயின்ட் இருந்தால் யாரும் எந்த நிறத்தையும் பூசிவிட முடியும் என்பதால், நிறம் சான்றுகளுள் ஒன்றே தவிர முடிவான சான்றன்று.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று. செயலிழக்கச் செய்தவர் யார், அதற்கு எழுத்துச் சான்று உண்டா என்பதே. நிரம்பிய எம்-18 சுமார் 540 கிராம் எடையுள்ளது, அதில் கலவை மட்டுமே ஏறத்தாழ 325 கிராம் என்பதால், விற்பவர் சொல்லும் எடையே ஐயத்தை எழுப்பப் போதுமானதாக இருக்கலாம். எடை குறைவாக இருப்பது மட்டும் பாதுகாப்புக்கு உறுதியன்று. உடல் காலியாக இருந்தாலும் திரியமைப்பு இன்னும் செயல்படும் நிலையில் இருக்கக்கூடும். ஐயத்துக்குரிய ஒன்றைத் திறந்து பார்ப்பதும், துளையிடுவதும், சுரண்டுவதும், தாமே காலி செய்ய முனைவதும் எந்த அனுபவசாலிக்கும் தகாத செயல்கள். நிலத்திலோ, பழைய வீட்டின் பரணிலோ கண்டெடுக்கப்பட்டதைத் தொடாமல் விலகி நின்று, காவல்துறைக்கு, இந்தியாவில் 112 என்ற எண்ணில், தகவல் தருவதே கடமை. செயல்படும் நிலையிலுள்ள வெடிபொருளை உரிமமின்றி வைத்திருப்பது இந்தியாவில் 1884, 1908ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டங்களின்படி கடுங்குற்றம் என்பதையும் மறக்கலாகாது.

சான்று பெற்ற கூடு கைக்கு வந்தபின் பேணும் கலை தொடங்குகிறது. பயன்படுத்தப்பட்ட கூடுகளின் உட்புறத்தில் சாயத்தூள் எஞ்சியிருக்கும். பழைய சாயங்களில் சில புற்றுநோய் ஐயத்துக்கு உள்ளாகிப் பின்னாளில் மாற்றப்பட்டவை என்பதால், கையுறையின்றித் தொடுவது நல்லதன்று. எஃகு துருப்பிடிக்காதிருக்கக் காட்சிப்பெட்டியின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நலம். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் இதைவிட மிக அதிகம் என்பதால், நன்கு மூடிய பெட்டியும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும், ஒரு சிறு ஈரப்பதமானியும் தேவைப்படும். ஓக் மரமும் ஒட்டுப்பலகையும் மெல்ல மெல்ல அமில ஆவியை வெளிவிட்டு உலோகத்தை அரிப்பதால், கண்ணாடியும் பூச்சிட்ட உலோகமும் உகந்த பெட்டிகள். கம்பித் தூரிகையும் மெருகேற்றும் பசையும் அச்செழுத்தோடு வரலாற்றையும் தேய்த்துவிடும். மென்தூரிகையால் தூசி தட்டி, வண்ணம் உதிராத இடங்களில் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசுவதே போதும்.

காட்சிக்கு வைப்பதில் பிறருடைய அச்சத்தையும் மதிக்க வேண்டும். தெருவிலிருந்து தெரியும் சன்னலோரத்தில் வைக்காமல் பூட்டிய பெட்டிக்குள் வைத்து, ‘செயலற்றது’ என்ற அறிவிப்பையும் சான்றின் நகலையும் அருகிலேயே பொருத்துவது நன்று; தீயணைப்பு வீரரோ, வீட்டுக்கு வரும் சிறுவரோ குழப்பமின்றி உணர அதுவே வழி. செயலற்ற குண்டும் பார்வைக்கு உண்மைக் குண்டாகவே தோன்றும் ஆதலால், அமெரிக்க விமானங்களில் கைப்பையிலும் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியிலும் மாதிரிக் குண்டுகளுக்குக்கூட அனுமதியில்லை. பள்ளிக்கோ, பொது இடத்துக்கோ அதை எடுத்துச் செல்வதும் அதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

இறுதியாக, ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: வகை, அச்சிடப்பட்ட தொகுதி எண், நிறம், வாங்கிய இடம், செயலிழப்புச் சான்று, தெரிந்த வரலாறு, இவை அனைத்தும் குடும்பத்தாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். சேகரித்தவர் மறைந்தபின் அலமாரியில் பெயர் தெரியாத ஒரு குண்டைக் காண்பவருக்கு அச்சமே மிஞ்சும். பதிவேட்டோடு காண்பவருக்கு அது படிக்கத்தக்க வரலாற்று ஆவணம், அருங்காட்சியகத்துக்கு மனநிறைவோடு வழங்கத்தக்க பொருளும்கூட. ஆபத்தை நீக்கி அறிவை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கையளிப்பவரே சேகரிப்பாளர் என்ற பெயருக்கு உரியவர்.