கார் பொய் சொல்லாது, ஒரு வயர் சொல்லும்



இந்த வார எபிசோட்டில் பழைய கார்களின் எலெக்ட்ரிக் கோளாறுகளைப் பற்றிப் பேசினோம். பேசும்போது கையால் காட்டி விளங்கப்படுத்த முடியாத விஷயங்களை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதைக் காரில் வைத்தே வாசிக்கலாம்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. ஸ்காபரோ, பெப்ரவரி மாதம், விடியற்காலை மூன்று மணி. அப்பாவின் 18 வயசு கார் தானாகவே கத்தத் தொடங்கியது. அடுத்த நாளும் அப்படித்தான். அதே கிழமை டிரைவர் பக்க விண்டோவும் மெதுவானது. சில நாள் ஏறும், சில நாள் பாதியில் நிற்கும். கராஜில் பார்த்தவர், "உள்ளே இருக்கிற மொடியூல் மாத்த வேணும்" என்று 900 டொலர் சொன்னார். காருக்கே அவ்வளவு பெறுமதி இருக்குமோ தெரியாது.

அப்பா காசும் கட்டவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை. காரைப் பூட்டுவதை நிறுத்திவிட்டார்! "பூட்டாட்டிக் கத்தாது தானே தம்பி, பக்கத்து வீட்டுச் சனமும் நித்திரை கொள்ள வேணும்." காலை நாலரைக்கு ஷிஃப்டுக்குப் போகிற மனுசன். அந்தக் கார் களவு போனால் வேலைக்குப் போக பஸ்ஸும் இல்லை. அன்றைக்குத்தான் நான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன்.

கார் எப்படி யோசிக்கிறது?

உங்கள் காருக்குக் கண் இல்லை. கதவு திறந்திருக்கிறதா என்பதை, கதவுப் பூட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுவிட்ச் சொல்லித்தான் அது அறிகிறது. பொனட்டிலும் டிக்கியிலும் இதேபோல ஒவ்வொன்று உண்டு. அலாரம் போட்ட பிறகு அவற்றில் ஒன்று "திறந்திட்டுது" என்று சொன்னால் போதும், ஹோர்ன் அடிக்கும். சொன்னது உண்மையா பொய்யா என்று கார் விசாரிக்காது.

விண்டோ இன்னும் எளிமை. கதவுக்குள் ஒரு டிசி மோட்டர், அதற்கு இரண்டு வயர். மின்சாரம் ஒரு திசையில் போனால் கண்ணாடி ஏறும், திசையை மாற்றினால் இறங்கும். மிகப் பழைய கார்களில் அந்தக் கரண்ட் சுவிட்ச் வழியாகவே போகும். பிந்திய கார்களில் சுவிட்ச் மொடியூலுக்கு ஒரு செய்திதான் அனுப்பும். கார்ப் பாகங்கள் இப்படிச் செய்தி பரிமாறும் கேன் என்ற முறையை பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது.

இப்போது முக்கியமான இடம். டிரைவர் கதவைத் திறந்து, கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையில் பாருங்கள். ஒரு கறுப்பு ரப்பர்க் குழாய் தெரியும். விண்டோவுக்கான கரண்ட், பூட்டுச் சுவிட்சின் வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாம் அதற்குள்ளால்தான் போகின்றன. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை வளைகின்றன. நாளுக்கு 10 தடவை என்றாலும் 18 வருசத்தில் 65,000 தடவைக்கு மேல். குளிரில் பிளாஸ்டிக் உறை விறைத்துப்போய் இன்னும் கெதியாக வெடிக்கும். அதனால்தான் விண்டோவும் அலாரமும் ஒரே காலத்தில் பிழைத்தால், இரண்டு நோய் என்று நினைக்காமல் முதலில் இந்தக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும்.

1. பற்றரி

கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளவுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் முதலில் பற்றரியைச் சரிசெய்யுங்கள். வோல்ட் குறைந்த மொடியூல்கள் இல்லாத பிழையெல்லாம் காட்டும்.

2. காது கொடுத்துக் கேளுங்கள்

விண்டோ சுவிட்சை அழுத்துங்கள். மோட்டர் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், உள்ளே இருக்கும் கேபிளோ பிளாஸ்டிக் கிளிப்போ உடைந்திருக்கும். சத்தமே இல்லாவிட்டால் இருட்டில் உள் லைட்டைப் போட்டுவிட்டு அழுத்துங்கள். லைட் சற்று மங்கினால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் அது இறுகி நிற்கிறது. மங்காவிட்டால் கரண்டே போய்ச் சேரவில்லை. நாலு விண்டோவும் ஒன்றாக நின்றால் ஃபியூஸையும், டிரைவர் பக்கத்து லொக் பட்டனையும் பாருங்கள். உறைபனியில் ரப்பரோடு ஒட்டிய கண்ணாடியை மட்டும் அழுத்தி அழுத்தி இறக்கப் பார்க்காதீங்கோ, கிளிப் உடையும்.

3. ரீசெட்

பற்றரி கழற்றிப் பூட்டிய பிறகு ஒரே தட்டில் முழுக்க ஏறும் வசதி போய்விட்டதா? அது பழுதல்ல. விரல் நசியாமல் இருக்க, தானாக ஏறும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல் அழுத்தக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. அது ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்குச் சமம். தடங்கல் எது, மேல் விளிம்பு எது என்று பிரித்தறிய மொடியூலுக்குக் கண்ணாடியின் இடம் தெரிய வேண்டும். பற்றரி கழன்றால் அது மறந்துவிடும். பல கார்களில் முழுக்க இறக்கிச் சில வினாடி பிடித்து, பிறகு முழுக்க ஏற்றிச் சில வினாடி பிடித்தால் திரும்பப் படித்துக்கொள்ளும். உங்கள் காரின் கைநூலைப் பாருங்கள்.

4. எந்தச் சுவிட்ச் பொய் சொல்கிறது?

ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுங்கள். உள் லைட்டும் டாஷ்போர்ட்டின் கதவு அடையாளமும் ஒவ்வொரு முறையும் சரியாக மாறுகின்றனவா? மாறாத கதவில்தான் சந்தேகம். எல்லாம் சரியென்றால் பொனட் சுவிட்சைப் பாருங்கள். எங்கள் ரோட்டு உப்பு அதைத்தான் முதலில் தின்னும்.

மலிவான ஓபிடி ரீடரை நம்பிவிடாதீர்கள். பல ரீடர்கள் என்ஜின் பிழைகளை மட்டும் வாசிக்கும். கதவு, அலாரம் பிழைகளுக்கு பி எழுத்தில் தொடங்கும் பொடி கோடுகளை வாசிக்கக்கூடியது வேண்டும்.

சில ஐரோப்பியக் கார்களில் உள்ளே அசைவைப் பிடிக்கும் அல்ட்ராசோனிக் சென்சரும் உண்டு. கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தாலே காற்று அதை ஏமாற்றும். மிரரில் தொங்கும் அம்மாவின் பிள்ளையாரும் ஏமாற்றலாம்!

5. குழாயை அசைத்துப் பாருங்கள்

கதவைத் திறந்து வைத்து, ஒருவர் விண்டோ சுவிட்சை அழுத்த, மற்றவர் ரப்பர்க் குழாயை மெதுவாக வளைக்கட்டும். விரல்களைக் கண்ணாடியிலிருந்து தள்ளி வையுங்கள். வளைக்கும்போது மோட்டர் நின்று நின்று ஓடினால் பிடித்துவிட்டீர்கள்.

எங்கள் காரில் அப்பா சுவிட்சை அழுத்த, நான் வளைத்தேன். விண்டோ துள்ளித் துள்ளி ஏறியது. குழாயைக் கழற்றினால் உள்ளே தடித்த வயரில் நாலைந்து செப்பு இழைகள்தான் மிச்சம். பக்கத்தில் பூட்டுச் சுவிட்சின் மெல்லிய வயர் முழுக்க அறுந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் இருந்தன. எங்கள் காரில் கதவு மூடியிருக்கும்போது அந்தச் சுற்று இணைந்திருக்க வேண்டும். சில கார்களில் இது எதிர்மாறு. இரவுக் குளிரில் முனைகள் சுருங்கி விலகியதும், கார் "கதவு திறந்திட்டுது" என்று நம்பியிருக்கிறது. மொடியூலில் ஒரு பிழையும் இல்லை.

ஒட்டும்போது கவனம்

பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொடாதீங்கோ, அது எயார்பேக். வளையும் இடத்திலேயே ஈயம் வைத்து ஒட்டினால் அந்த இடம் விறைத்து, பக்கத்தில் மறுபடி அறும். வளையக்கூடிய புது வயர் ஒன்றைக் கொஞ்சம் நீளமாக எடுத்து, இரண்டு பக்க இணைப்பும் குழாய்க்கு வெளியே வரும்படி பூட்டுங்கள்.

வயருக்கும் உறைக்குமாக எங்களுக்கு 20 டொலர்கூடச் செலவாகவில்லை. கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பாகத்தை மாற்றுவதை விட அளந்து பார்ப்பதற்கு நேரம் கூடத் தேவை, அந்த நேரம் எங்களிடம்தான் இருக்கிறது.

அன்றிரவு அப்பா காரைப் பூட்டிவிட்டுக் குளிரில் பத்து நிமிசம் வாசலில் நின்றார். காலையில் நான் எழும்ப முதல் வேலைக்குப் போய்விட்டார். போனில் ஒரு செய்தி மட்டும் இருந்தது: "கத்தேல்லை தம்பி."

உங்கள் வீட்டுக் கார் என்ன சொல்கிறது? இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள். அடுத்த எபிசோட்டில் ஒன்றிரண்டை எடுத்துப் பேசுவோம்.